டிரைவர் பக்கக் கண்ணாடி வழியா வர்ற காத்துச் சத்தத்தையும் கணக்குல எடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

சத்தத்தப் பத்தி பேப்பர்ல வர்றதெல்லாம் ஏர் ஹாரன், கோயில் கொடை ஸ்பீக்கர், பட்டாசு, சைலன்சர் மாத்துன பைக் இதுங்களப் பத்திதான். அதெல்லாம் வரவேண்டியதுதான், நான் வேண்டாங்கல. ஆனா எங்கள மாதிரி நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவங்க காதுல மணிக்கணக்கா விழுற ஒரு சத்தம் இருக்கு, அத யாருமே சத்தம்னு நெனைக்கறதில்ல, டிரைவருங்களே நெனைக்கறதில்ல. டிரைவர் பக்கக் கண்ணாடிய இறக்கிவிட்டுட்டு ஹைவேல போறப்ப உள்ள அடிக்கிற காத்தோட இரைச்சல்தான் அது. காத்துதான, வந்தா நல்லதுதானன்னு விட்டுடுறோம். காத்து நல்லதுதாங்க, அது ஜன்னல் விளிம்புல மோதிச் சுழண்டு காதுக்கு ஒரு ஜான் தள்ளி போடுற இரைச்சல் நல்லது இல்ல, அது கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல கேட்கிற சக்திய எடுத்துடுது. இத டிரைவருங்க, வண்டி ஓனருங்க, சுகாதாரத்துறை அதிகாரிங்க எல்லாரும் படிக்கணும்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

நான் திருநெல்வேலில டூரிஸ்ட் கார் ஓட்டுறேன். எங்க தொழில்ல வாடகை பேசும்போதே ஏசியா, நான் ஏசியான்னு கேட்டுடுவோம், ஏசின்னா கிலோமீட்டருக்கு ரேட்டு கூட. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரின்னு போற குடும்பங்க நெறைய பேரு நான் ஏசின்னுதான் பேசுவாங்க, அவங்க கஷ்டம் அவங்களுக்கு, அதுல தப்பு சொல்ல முடியாது. அப்புறம் மதுரைலயோ தூத்துக்குடிலயோ பார்ட்டிய இறக்கிவிட்டுட்டு காலி வண்டியா திரும்புறப்ப எந்த டிரைவரும் ஏசி போடமாட்டான், ஓனர் டீசல் கணக்கு பார்ப்பாரு, சொந்த வண்டியா இருந்தா இன்னும் கறாரா பார்ப்போம். ஆக மொத்தம் எங்க ஆளுங்க ஓட்டுற நேரத்துல பெரும்பங்கு கண்ணாடி இறங்கித்தான் இருக்கும். நம்ம ஊருல ஸ்டியரிங் வலது பக்கம், அதனால ஜன்னல் ஓரத்துல இருக்கிறது வலது காது. லாரி டிரைவர், மொஃபசல் பஸ் டிரைவர், டாட்டா ஏஸ் ஓட்டுறவங்க, ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க எல்லாருக்கும் இதே கததான், அவங்களுக்கு இன்ஜின் சத்தம் வேற சேர்ந்துக்கும்.

எங்க ஸ்டாண்டுல ஒரு அண்ணாச்சி இருக்காரு, அம்பாசடர் காலத்துலேர்ந்து ஓட்டுறவரு. யாராவது பேசுனா தலையத் திருப்பி இடது காதக் காட்டுவாரு, வீட்டுல டிவி சத்தமா வைக்கிறாருன்னு சண்டை. போன வருஷம் பிடிச்சு இழுத்துட்டுப் போயி காது பரிசோதனை பண்ண வச்சோம், நான்தான் கூடப் போனேன். சின்ன ரூம், சத்தம் வராம அடைச்சிருக்காங்க, தலையில ஹெட்ஃபோன மாட்டிவிட்டு கையில ஒரு பட்டன் குடுத்துட்டாங்க, கீச்னு எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்கணும். முடிச்சிட்டு ஒரு தாள் குடுத்தாங்க, அதுல வலது காதுக்கு சிவப்புல வட்டம், இடது காதுக்கு நீலத்துல பெருக்கல் குறி போட்டு கோடு இழுத்திருந்தது. மேல இருக்கிற நம்பரு சத்தத்தோட சுருதி (ஹெர்ட்ஸ் கணக்கு), கோடு கீழ இறங்க இறங்க அந்த சுருதி காதுக்கு மந்தம்னு அர்த்தம். ரெண்டு கோடும் ஆரம்பத்துல ஒட்டித்தான் போகுது, 2000 தாண்டுனதும் சிவப்புக் கோடு மட்டும் கிடுகிடுன்னு கீழ இறங்கி 4000ங்கிற இடத்துல பள்ளம் விழுந்து, 8000த்துல கொஞ்சம் மேல ஏறி நிக்குது. நீலக் கோட்டுலயும் அதே இடத்துல பள்ளம் இருக்கு, ஆனா அவ்வளவு ஆழம் இல்ல. டெஸ்ட் எடுத்த அம்மா தாளப் பார்த்துட்டு மொதல்ல கேட்ட கேள்வியே "என்ன வேலை அண்ணாச்சி பாக்குறீங்க?"ன்னுதான். டிரைவர்னு சொன்னதும், "கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டாங்க.

அந்த 4000 பள்ளம் சத்தத்துல அடிபட்ட காதோட அடையாளம்னு அவங்கதான் வெவரமா சொன்னாங்க. காதுக்குள்ள நத்தை மாதிரி சுருண்டு இருக்கிற உறுப்புல நுண்ணிய முடி வச்ச செல்லுங்க இருக்கு, ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000, பொறக்கும்போது இருக்கிறதுதான், அழிஞ்சா மனுஷனுக்கு திரும்ப முளைக்காது. தொடர்ந்து சத்தம் கேட்டா முதல்ல அடிவாங்குறது இந்த 4000 பக்கம் கேட்கிற செல்லுங்க. வயசு, சுகர், சில மாத்திரைங்க இதுவும் காதக் கெடுக்கும், அதனால எல்லாத்தையும் காத்து மேலயே போட முடியாதுன்னும் சொன்னாங்க. ஆனா ஒரு பக்கம் மட்டும் அதிகமா, அதுவும் ஜன்னல் பக்கம்னா சந்தேகப்படணும்ல.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா இந்த வகை காதுக்கேடு ரொம்ப நாளைக்கு வெளிய தெரியாது. ஹாரன் கேக்கும், இன்ஜின் சத்தம் மாறுனா கேக்கும், ஆம்பளைங்க தொண்டையத் தொறந்து பேசுனா கேக்கும், ஏன்னா அதெல்லாம் தாழ்ந்த சுருதி. ச, ஸ, த, ப மாதிரி மெல்லிசா காத்தோட வர்ற எழுத்துங்கதான் போயிடும், பேசுறது கேக்கும் ஆனா என்ன சொன்னாங்கன்னு புரியாது. பேத்தி பேசுறது புரியாது, போன்ல பாதி புரியாது. லைசென்ஸுக்கு டாக்டர் குடுக்கிற 1ஏ படிவத்துல சாதாரண ஒலி சிக்னல் கேக்காத அளவுக்கு செவிடா இருக்காரான்னு ஒரு கேள்வி இருக்கு. அண்ணாச்சிக்கு அந்தக் கேள்விக்கு 'இல்ல'ன்னுதான் பதில், அதுல பொய்யே இல்ல, ஹாரன் நல்லா கேக்குது. அதாவது நம்மகிட்ட இருக்கிற ஒரே பரிசோதனையும் இந்தக் கேடு பிடிபடாத இடத்துலதான் நிக்குது.

எவ்வளவு சத்தம்னு கேப்பீங்க. வண்டிக்கு வண்டி மாறும், கண்ணாடி எவ்வளவு இறங்கியிருக்குங்கிறதப் பொறுத்து மாறும், ஆனா 80, 90 கிலோமீட்டர் ஸ்பீடுல போறப்ப டிரைவர் காதுகிட்ட 85 டெசிபலத் (டெசிபல்ங்கிறது சத்தத்த அளக்கிற அளவு) தொடுறதும் தாண்டுறதும் அதிசயம் இல்ல. வெளிநாட்டுல கூரை திறக்கிற கார்கள்ல டாக்டருங்களே மீட்டர் வச்சு அளந்து, கூரையத் திறந்து ஹைவே ஸ்பீடுல போனா 85ஐத் தாண்டுது, பக்கக் கண்ணாடிய ஏத்துனாலே குறையுதுன்னு எழுதியிருக்காங்க. இந்த 85ங்கிறது சும்மா ஒரு நம்பர் இல்ல, தொழில் சுகாதாரத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருக்கிற கோடு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்த பாதியாக்கணும், 88னா 4 மணி நேரம், 91னா 2 மணி நேரம், 94னா ஒரே மணி நேரம். நம்ம நாட்டு ஃபாக்டரி விதில 90 டெசிபல் 8 மணி நேரம்னு இருக்கு, அதுவே தாராளம்னு சொல்றாங்க. ஃபாக்டரிலயாவது ஒரு விதின்னு இருக்கு, காதுல மாட்ட ஏதாவது குடுப்பாங்க, வருஷா வருஷம் பரிசோதனைன்னு ஒன்னு இருக்கு. டிரைவர் சீட்டும் வேலை செய்யிற இடம்தானங்க, அதுக்கு என்ன இருக்கு?

டிரைவருங்க எல்லாரும் மனசுல வச்சுக்க வேண்டியது ஒன்னு இருக்கு. காத்துச் சத்தம் ஸ்பீடு ஏறுற அதே அளவுல ஏறாது, பல மடங்கா ஏறும். 40லேர்ந்து 80க்கு போனா காத்துச் சத்தம் மட்டும் 15 டெசிபலுக்கு மேல கூடிடும். 60லேர்ந்து 80க்கு போனாலே 6 டெசிபலுக்கு மேல கூடும், அந்த 6 டெசிபல்ல காது தாங்குற நேரம் நாலுல ஒரு பங்காயிடும். நூறு கிலோமீட்டருக்கு 60ல போனா 100 நிமிஷம், 80ல போனா 75 நிமிஷம், மிச்சமாகுறது 25 நிமிஷம், அதுக்காக காது குடுக்கிற விலை அவ்வளவு. அதனால டவுனுக்குள்ள, கிராமத்து ரோட்டுல 40ல போறப்ப கண்ணாடி முழுசா இறங்கியிருந்தாலும் பயம் இல்ல, நாலு வழிச் சாலை ஏறுனதும்தான் பிரச்சினை.

எங்க பக்கத்துல இதுக்கு மேலயும் ஒன்னு இருக்கு. ஆனி, ஆடில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேகாத்து, அதான் மேற்குக் காத்து, எப்படி அடிக்கும்னு நாகர்கோவில் ரோடு ஓட்டுறவங்களுக்குத் தெரியும், முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாடி அவ்வளவு நிக்கிறதே அதனாலதான். நாகர்கோவில் பாத்து போறப்ப அந்தக் காத்துக்கு எதிரா போறோம், மீட்டர் 70 காட்டும், எதிர்க்காத்து 30 அடிச்சா ஜன்னல்ல மோதுறது 100 கிலோமீட்டர் காத்து. காதுக்கு மீட்டர் தெரியாது, மோதுற காத்துதான் தெரியும். அந்தப் பகுதில கண்ணாடிய ஏத்திட்டுப் போங்கன்னு நான் சின்னப் பசங்ககிட்ட சொல்லிட்டே இருக்கேன், வண்டியும் ஆடாம போகும்.

சத்தம் கூடுனா நம்ம ஆளுங்க என்ன பண்ணுறாங்க, பாட்டு சத்தத்த ஏத்துறாங்க. காத்து 85 போட்டா அதுக்கு மேல பாட்டு கேக்கணும்னா அத 90க்கு மேல ஏத்தணும், ரெண்டும் சேர்ந்து ஒரே காதுல விழுது. ப்ளூடூத்த காதுல மாட்டிக்கிட்டு ஃபுல் சவுண்டுல பேசுறது இன்னும் மோசம், வண்டி ஓட்டுறப்ப அதப் பேசக்கூடாதுங்கிறது தனி விஷயம். பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தாலும் இந்த இரைச்சல்ல பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது, கண்ணாடி திறந்திருந்தா வெளிச்சத்தம் நல்லா கேக்கும்ங்கிறது மெதுவா போறப்ப சரி, 80ல அது சரியில்ல. சில பேரு காதுல பஞ்சு வச்சுப்பாங்க, பஞ்சு சத்தத்த பெருசா தடுக்காது, வச்சிருக்கோம்ங்கிற தைரியத்த மட்டும் குடுக்கும்.

இது டிரைவர் காது கத. பின் சீட்டு கத வேற, அதையும் குடும்பமா கார்ல போறவங்களுக்காக சொல்லிடுறேன். முன்னாடி கண்ணாடி எல்லாம் ஏத்தி இருக்கு, பின்னாடி ஒரே ஒரு கண்ணாடிய மட்டும் இறக்குனா ஒரு ஸ்பீடுக்கு மேல வண்டிக்குள்ள "துப் துப் துப்"னு ஒரு அடி வரும், சத்தமாவும் இருக்காது, காத அமுக்கி அமுக்கி விடுற மாதிரி இருக்கும், தல கனக்கும். காலி பாட்டில் வாயில பக்கவாட்டுல ஊதுனா பூம்னு வருதுல்ல, அதே வேலைதான், கார் பெரிய பாட்டில், ஜன்னல் அதோட வாய். ஜன்னல் முன்விளிம்புல காத்து சுழி சுழியா உடைஞ்சு பின்விளிம்புல போயி மோதும், அந்த மோதலும் உள்ள இருக்கிற காத்து குதிக்கிற வேகமும் ஒத்துப்போச்சுன்னா ஒன்ன ஒன்னு தூக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டுல ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி இந்த மாதிரி குடுவைங்கள வச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, அவர் பேருலதான் இத சொல்றாங்க. கார்ல இந்த அடி செகண்டுக்கு ஏறக்குறைய 15, 20 தடவை வரும், மனுஷக் காது கேக்குற எல்லைக்கு அடில இருக்கிறதால சத்தமா தெரியாம அழுத்தமா தெரியுது, ஆனா அந்த அழுத்தத்த டெசிபல்ல அளந்தா 100க்கு மேல போகும்.

இப்ப வர்ற வண்டிங்க கதவு ரப்பர் எல்லாம் இறுக்கமா அடைச்சு வருது, உள்ள இருக்கிற காத்து வேற வழில கசியாது, அதனால இந்த அடி பழைய வண்டியவிட இதுலதான் நல்லா தெரியும். சன்ரூஃப் வண்டிலயும் இதே பூம் வரும், அதுக்குத்தான் சன்ரூஃப் திறந்தா முன்னாடி ஒரு சின்ன தடுப்பு எழும்புது. குத்தாலம், திருச்செந்தூர்னு குழந்தைங்களோட வர்றவங்க குழந்தைக்குக் காத்து வரட்டும்னு அந்தப் பக்கத்து பின் கண்ணாடிய மட்டும் இறக்குவாங்க, கொஞ்ச நேரத்துல குழந்தை காதப் பொத்திட்டு அழும், பசி, தூக்கம்னு நெனைச்சு பால் பாட்டில எடுப்பாங்க. நான் உடனே எதிர்ப்பக்கத்து முன் கண்ணாடிய ரெண்டு விரல் அளவு இறக்கிவிடுவேன். பட்டுனு அந்த அடி நின்னுடும். உள்ள வர்ற காத்துக்கு வெளிய போக ஒரு வழி கிடைச்சதும் அந்த ஒத்துப்போற தாளம் உடைஞ்சுடுது, அவ்வளவுதான். காசே செலவில்லாத வைத்தியம் இது, கார் வச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

இந்த இடத்துல அம்பாசடரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம இருக்க முடியல. அதுல முன் கதவுல பெரிய கண்ணாடிக்கு முன்னாடி முக்கோணமா ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், கொக்கிய எடுத்துட்டு தள்ளுனா அச்சுல திரும்பும். வேணுங்கிற அளவு திருப்பி வச்சா காத்து நெஞ்சுக்கு வரும், பெரிய கண்ணாடிய இறக்கவே வேண்டாம். பத்மினி கார்லயும் இருந்தது. அம்பாசடர் 2014ல நின்னுபோச்சு, அதுக்கு முன்னாடியே புது மாடல் கார்கள்ல அந்த முக்கோணக் கண்ணாடி திறக்கிறது இல்லாமப் போச்சு, ஏசி வந்ததும் அது தேவையில்லன்னு எடுத்துட்டாங்க. ஏசிய போடமுடியாதவன் என்ன பண்ணுவான்னு யாரும் யோசிக்கல. கார் கம்பெனிங்க குறைஞ்ச விலை டாக்சி மாடல்லயாவது அத திரும்பக் குடுத்தா எங்க ஆளுங்க கும்பிடுவாங்க.

ஓனருங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏசிய அணைச்சா டீசல் மிச்சம்ங்கிறது நெசம்தான், ஆனா ஹைவே ஸ்பீடுல கண்ணாடி திறந்திருந்தா உள்ள வர்ற காத்து வண்டியப் பின்னாடி இழுக்குது, அதுக்கும் டீசல் போகுது, அதனால மிச்சம் நீங்க நெனைக்கிற அளவுக்கு வராது. நாலு வழிச் சாலைல மட்டுமாவது, காலி வண்டியா இருந்தாலும், டிரைவர் ஏசி போட்டா கேள்வி கேக்காதீங்க. அது முடியாதுன்னா ப்ளோயர மட்டும் வெளிக்காத்துல போட்டு, கண்ணாடிய மேல ஒரு விரல் இடம் விட்டு ஏத்தச் சொல்லுங்க. லாரிக்காரங்களுக்கு மத்திய அரசு 2025 அக்டோபர் 1லேர்ந்து தயாராகுற நடுத்தர, கனரக லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம்னு ஆக்கியிருக்கு. வெயிலுக்கும் அசதிக்கும்தான் அந்த விதி, காதுக்கும் அது பெரிய உபகாரம், ரொம்ப நல்ல காரியம். ஆனா அதுக்கு முன்னாடி வந்த லாரிங்க இன்னும் பல வருஷம் ரோட்டுல ஓடத்தான் போகுது, ஓட்டுறவனும் கண்ணாடிய இறக்கிட்டுத்தான் ஓட்டப் போறான்.

அரசாங்கத்துகிட்ட கேக்குறது ஒன்னுதான். சாலைப் பாதுகாப்பு மாதம்னு ஜனவரில டோல்கேட்டுலயும் பஸ் ஸ்டாண்டுலயும் டிரைவருங்களுக்குக் கண் பரிசோதனை முகாம் போடுறாங்க, கண்ணாடி கூட குடுக்கிறாங்க, நெறைய பேருக்கு அதனால நல்லது நடந்திருக்கு. அதோட காதையும் சேருங்க. ஆனா கண்ண மாதிரி டோல்கேட்டுலயே ஷாமியானா போட்டு காதப் பாக்க முடியாது, லாரி ஹாரன் அடிக்கிற இடத்துல அந்த மெல்லிசுக் கீச்சு எப்படிக் கேக்கும். அதோட வண்டிய விட்டு இறங்குன உடனே பரிசோதனை பண்ணவும் கூடாது. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு இறங்குனா காதுல ஙொய்ங்னு ஒரு ரீங்காரம் இருக்கும், கேக்குறது மந்தமா இருக்கும், தூங்கி எழுந்தா சரியாயிடும், அதுக்கு நடுவுல பரிசோதனை பண்ணா கணக்கு தப்பா வரும். ஏறக்குறைய 14 மணி நேரமாவது சத்தம் இல்லாம இருந்துட்டு வரணும்னு சொல்றாங்க. அதனால முகாம்ல பேர் எழுதி ஒரு டோக்கன் குடுங்க, டிரைவருக்கு ஓய்வு நாள் எதுன்னு கேட்டு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டை பிரிவுல அடைச்ச ரூம்ல அன்னிக்குக் காலைல பாருங்க, வர்றவங்களுக்கு அந்த ஒரு நாள் லைன்ல நிக்கவைக்காம அனுப்புங்க, அந்தத் தாளோட ஒரு காப்பிய அவங்க கையிலயே குடுங்க, அடுத்த தடவை பாக்குறப்ப சிவப்புக் கோடு இறங்கியிருக்கா இல்லையான்னு ஒப்பிட்டுப் பாக்க அது வேணும்.

இப்படிக்கு,
ஒரு டூரிஸ்ட் கார் டிரைவர்,
திருநெல்வேலி.